இருநூற்றுப் பதினாலாம் நம்பர் பெல்ட்

புத்தகத்தில் தன் பெயர் வரும் என்று லாசரஸ் எதிர்பார்த்தது உண்மைதான். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மனைவி ஞானம்மாளிடம்கூட, "தாம்பரத்தில ஒரு கூட்டம் கீது, போய்ட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை ஆகஸ்ட் மாதத்திலேயே எடுத்துப் போட்டுக்கொண்டு பம்மலிலிருந்து கிளம்பினார். அது 1986. அவருக்கு அறுபத்தெட்டு வயது.

கூட்டம் மாசிலாமணியாரின் நூற்றாண்டு விழா. யுத்த காலத்தில் வெள்ளைக்காரனுக்கு எதிராக இந்தப் பக்கத்து ஜனங்களைத் திரட்டியவர், பத்து மாதம் தலைமறைவாகத் திரிந்து 1943இல் பிடிபட்டவர், கோர்ட்டு விசாரணை எதுவும் இல்லாமல் ஜெயிலில் அடைபட்டு அங்கேயே இரண்டு வருஷத்தில் செத்தும் போனவர். கல்யாண மண்டபத்தில் மாலை போட்ட படம், மைக், சோடா, நாலு மணி நேரப் பேச்சு. லாசரஸ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பேசியவர்களில் ஒருவர்கூட மாசிலாமணியாருக்குப் பக்கத்தில் நின்றவர் இல்லை. நின்றவன் மூன்றாவது வரிசையில் இருக்கிறான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நினைப்பே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெளியே வரும்போது ஐந்து ரூபாய் கொடுத்து விழாவில் வெளியிட்ட புத்தகத்தை வாங்கினார். 'மாசிலாமணியாரின் சிறை நாட்கள்', எழுதியவர் பேராசிரியர் துரைராஜ். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பல்லாவரம் வருவதற்குள் அறுபத்தோராம் பக்கத்துக்கு வந்துவிட்டார். பெயர் இருந்தது. அவர் நினைத்தபடி இல்லை.

'1944 பிப்ரவரியில் மாசிலாமணியார் வெளியே அனுப்ப முயன்ற கடிதத்தை, நம்பிக்கைத் துரோகம் செய்து மேலதிகாரியிடம் ஒப்படைத்தவர் 214 எண் வார்டர் லாசரஸ். அக்கடிதத்தால் நான்கு இளைஞர்கள் கைதாயினர். மாசிலாமணியார் தொலைதூரச் சிறைக்கு மாற்றப்பட்டு அங்கேயே உயிர் நீத்தார்.'

கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று ஸ்டாப் நடந்தே திரும்பினார். தோல் ஷெட்டுகளின் நாற்றம் அன்றைக்கு அவர் மூக்கில் ஏறவில்லை.

லாசரஸ் யார் என்று கேட்டால் பம்மலில் 'ஷெட்டு லாசரஸ்' என்பார்கள். தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பத்து நாலு வருஷம் நின்றவர். உள்ளங்கையில் ரேகையே கிடையாது, சுண்ணாம்பு தின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன்னால், இருபத்திரண்டு வயசிலிருந்து இருபத்தைந்து வரைக்கும், அவர் காக்கி உடுப்பும் தலைப்பாகையும் போட்ட ஜெயில் வார்டர். மிஷன் ஸ்கூலில் எட்டாவது படித்த படிப்புக்குக் கிடைத்த உத்தியோகம். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி வீட்டுக்கு வெளியே ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

ஏனென்றால் அவரை வேலையிலிருந்து நீக்கியபோது ஆர்டரில் எழுதியிருந்த காரணம், 'பணியில் உறங்கியது'. பகல் இரண்டரை மணிக்கு மாசிலாமணியாரின் அறை வாசலில் தூங்கிக்கொண்டிருந்தாராம். பொய். அவர் தூங்கவே இல்லை. மாசிலாமணியார் கொடுத்த மூன்று கடிதங்களைத் தலைப்பாகை மடிப்பில் வைத்து வெளியே கொண்டுபோய், மாம்பலத்தில் ஒரு வக்கீல் வீட்டில் சேர்த்தார். அதுதான் அவர் செய்தது. ஜெயிலுக்குள் இருக்கிறவருடைய யோசனை வெளியே நடமாடுகிறது என்று மோப்பம் பிடித்த வெள்ளைக்கார சூப்ரண்டு, வார்டர்களை நிற்கவைத்துச் சோதனை போட்டார். லாசரஸின் தலைப்பாகையில் பென்சில் துண்டு ஒன்று கிடைத்தது. வேறு எதுவும் இல்லை. கடிதம் போயிருக்கிறது என்று சூப்ரண்டு எழுதினால் முதலில் அவருடைய சீட்டுதான் கிழியும். அதனால் 'உறங்கினான்' என்று எழுதி, 1943 நவம்பர் இரண்டாம் தேதி லாசரஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்போது லாசரஸுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஞானம்மாளின் அம்மா சாகிறவரை மருமகனைத் 'தூங்குமூஞ்சி' என்றுதான் கூப்பிட்டாள்.

புத்தகம் வந்த மறு வாரமே லாசரஸ் கிழக்குத் தாம்பரத்தில் துரைராஜின் வீட்டைத் தேடிப் போய்விட்டார். அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர், ஐம்பது வயது, தடித்த கண்ணாடி. வாசலில் நின்றபடியே லாசரஸ் அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

"இந்த லாசரஸ் நான்தான் சார்."

துரைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உள்ளே வாங்க. உட்காருங்க" என்றார். காபியும் வந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் பேஜாரே. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு மனசு ஆறி வந்திருக்கலாம்.

"நீங்க எழுதிகீறது ஃபிப்ரவரி. நான் நவம்பர்லயே வேலய வுட்டுப் போய்ட்டேன் சார். மூணு மாசம் முன்னாடி."

"பெரியவரே, நான் எதையும் கற்பனையா எழுதலை. போலீஸ் ரிப்போர்ட்ல 'வார்டர் 214' கடிதத்தைக் கொடுத்தார்னு இருக்கு. நாற்பத்திமூணாம் வருஷத்து டியூட்டி லிஸ்ட்ல 214க்கு நேரா லாசரஸ்னு உங்க பேர் இருக்கு. ரெண்டும் கவர்மென்ட் ரெக்கார்ட்."

"சார், நம்பர் ஆளோடது இல்ல. பெல்ட்டோடது."

துரைராஜுக்குப் புரியவில்லை. லாசரஸ் எழுந்து நின்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "இங்க பித்தள பில்ல ஒண்ணு இருக்கும். அதுல நம்பரு. ஒர்த்தன் வேலய வுட்டா பெல்ட்டக் கழட்டி ஸ்டோர்ல குடுத்துடணும். அடுத்து வர்றவன் இடுப்புல அத்த மாட்டி வுட்டுருவாங்க. அவந்தான் அப்பால இருநூத்திப் பதினாலு. எனுக்கு முன்னாடியும் ஒரு இருநூத்திப் பதினாலு இருந்தான் சார், காலரால பூட்டான்."

துரைராஜ் புத்தகத்தை வாங்கி அந்தப் பத்தியை மறுபடி படித்தார். பிறகு, "நீங்க சொல்றது லாஜிக்கலா இருக்கு" என்றார். "ஆனா ஹிஸ்டரின்னா டாக்குமென்ட் வேணும். உங்க டிஸ்மிஸல் ஆர்டர் இருக்கா? தேதி போட்டது?"

இல்லை. சுதந்திரம் வந்த மாசத்தில், இனி நம்ம கவர்மென்ட்தானே என்ற துணிச்சலில், கடிதம் கொண்டுபோன கதையை முழுசாக எழுதி, வேலையைத் திரும்பக் கேட்டு ஒரு மனு போட்டார். மனுவோடு ஆர்டரின் அசலையே வைத்து அனுப்பிவிட்டார். நகலை அனுப்பினால் நம்பமாட்டார்கள் என்று நினைத்தார். பணியில் உறங்கியவரை மீண்டும் சேர்க்க விதியில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அசல் வரவில்லை.

"ஒரிஜினலையா அனுப்பினீங்க?" என்றார் துரைராஜ்.

நாற்பது வருஷமாக ஞானம்மாள் கேட்கிற அதே கேள்வி. லாசரஸ் காபியைக் குடித்து முடித்து வெளியே வந்தார். டாக்குமென்ட் கொண்டுவந்தால் அடுத்த பதிப்பில் திருத்தித் தருவதாக துரைராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். அதுதான் பிழைத்த ஒரே விஷயம்.

அந்தப் புத்தகம் நாலு பேர் படித்துவிட்டு மூலையில் போடுகிற புத்தகமாக இருந்திருந்தால் லாசரஸும் விட்டிருப்பார். விழாக் குழுவுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்து தொலைத்தது. வருஷா வருஷம் பல்லாவரம், தாம்பரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் போட்டி வைத்து, ஜெயித்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் புத்தகத்தையே பரிசாகக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு இருநூறு வீடு. பம்மலில் லாசரஸ் என்ற பெயரில் அந்த வயதில் ஒருவர்தான் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. டீக்கடையில், "இன்னா பெருசு, நீ போலீஸாமே?" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். கோயிலில் பெரிய வியாழக்கிழமை பிரசங்கத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் பெயர் வந்தபோது முன்வரிசையிலிருந்து இரண்டு தலைகள் திரும்பி அவரைப் பார்த்தன. அதற்குப் பிறகு லாசரஸ் பெரிய வியாழக்கிழமைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

"எவனோ எழுதிட்டான், அத்தப் புடிச்சிகினு தொங்கறியே" என்பாள் ஞானம்மாள். "கர்த்தருக்குத் தெரியும் இல்ல?"

"கர்த்தருக்குத் தெரியும். டீக்கடைக்காரனுக்குத் தெரிலயே" என்பார் லாசரஸ்.

இப்படித்தான் ரெக்கார்டு ஆபீஸ் படலம் தொடங்கியது. பட்டணத்தில், பழைய ஃபைல்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற அரசாங்க அலுவலகம். எது என்று சொல்ல வேண்டாம், எல்லா ஆபீஸும் ஒரே மாதிரிதான். பல்லாவரத்தில் ரயில் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து போனால், முதல் நாளே வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் ஒரு பேராசிரியரிடமிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும்.

லாசரஸுக்குத் தெரிந்த பேராசிரியர் ஒரே ஒருவர்தான். வெட்கத்தை விட்டுவிட்டுப் போய்க் கேட்டார். துரைராஜும் நேர்மையாக எழுதிக் கொடுத்தார்: 'இக்கடிதம் கொண்டுவரும் திரு. லாசரஸ், என் நூலில் குறிப்பிடப்பட்டுள்ள நபர்.' எப்படிக் குறிப்பிடப்பட்டுள்ள நபர் என்பதை எழுதாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

உள்ளே போனால் சீட்டு. ஃபைல் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். ஃபைல் நம்பர் தெரிய வேண்டுமானால் அட்டவணைப் புத்தகம் பார்க்க வேண்டும். அட்டவணை இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். மிஷன் ஸ்கூல் எட்டாவது இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, 'வார்டர்கள் - தண்டனை - நீக்கம்' என்ற தலைப்பில் 1943ஐக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. சீட்டு எழுதிக் கொடுத்தார். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி சீட்டு திரும்பி வந்தது. 'பைண்டிங்கில் உள்ளது.' மூன்று மாதம் கழித்து மறுபடி. 'இந்த எண்ணில் கோப்பு இல்லை.' வேறு எண் போட்டார். 'துறைக்கு அனுப்பப்பட்டது.' துறைக்குப் போனார். அவர்கள் ரெக்கார்டு ஆபீஸுக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்றபோதுகூட அவர் இவ்வளவு வெந்ததில்லை.

இப்படி ஆறு வருஷம். சும்மா வாயால் சொல்கிற ஆறு இல்லை. 1987இலிருந்து 1993 வரைக்கும், மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை. இடையில் கண் புரை ஆப்பரேஷன், ஞானம்மாளுக்கு முட்டிவலி, இளைய மகளின் மகளுக்குக் கல்யாணம். எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் பையில் அந்தச் சீட்டுகள் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன. கடைசியில் வந்த சீட்டு எல்லாவற்றையும் முடித்துவைத்தது. 'பத்தாண்டுக் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டது.' எப்போது அழித்தார்களாம்? 1954இல். ஆறு வருஷமாக இல்லாத ஒன்றை பைண்டிங்கில் இருக்கிறது, துறையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு லாசரஸ் அந்த ஹாலில் வாய்விட்டுக் கத்தினார். "இத்த மொதல் நாளே சொல்லி இருக்கலாமே! ஆறு வருசம் சார்! கெயவன அலய வுட்டுகினு..." ஆராய்ச்சிக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். காவலாளி வந்து தோளைப் பிடித்தான்.

அன்று சாயங்காலம் ரயிலில் எதிர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சீட்டு வாங்குகிற மேஜையில் உட்காருகிற கிளார்க் அரிகிருஷ்ணன். தாம்பரத்துக்காரர், ஏரிக்கரை நிலத்தை வீட்டு மனையாக விற்ற குடும்பம், ஆனாலும் கவர்மென்ட் வேலையை விடாதவர். ஆறு வருஷமாக முகத்தைப் பார்க்காமலே சீட்டு வாங்கியவர் முதல் தடவையாகப் பேசினார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க உங்க பேர்ல தேடறீங்க. அங்கதான் தப்பு."

"பின்ன எவன் பேர்ல தேடறது?"

"வார்டர் ஃபைல் பத்து வருஷத்துல போயிடும். அது ரூல். ஆனா அரசியல் கைதி ஃபைல் இருக்கு பாருங்க, அதை அழிக்கவே மாட்டாங்க. மனு போட்டதா சீட்டில எழுதியிருந்தீங்களே, அதுல மாசிலாமணியார் பேரை எழுதினீங்கதானே? அந்தக் காலத்து கிளார்க் ஒழுங்கானவனா இருந்தா அதைத் தூக்கி அவர் ஃபைல்லதான் கோத்திருப்பான்."

லாசரஸுக்கு இறங்கி மறுபடி பட்டணத்துக்கே ரயில் ஏறலாம் போல இருந்தது. "நாளைக்கே வர்றேன்" என்றார்.

"நாளைக்கு வேணாம். அது ரகசிய ஃபைல். அவர் செத்து அம்பது வருஷம் முடியணும். தொண்ணூத்தஞ்சுல வாங்க."

லாசரஸுக்கு அப்போது எழுபத்தைந்து. அரிகிருஷ்ணன் பரங்கிமலை வருகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விதியை அவரா எழுதினார்?

1995இல் ஃபைல் வந்தது. ஒரு ஃபைல் இல்லை, மூன்று கட்டு. துணி நாடாவை அவிழ்த்தபோது தூசு பறந்து லாசரஸுக்குத் தும்மல் நிற்கவில்லை. ஒரு மனுஷனை அடைத்து வைத்தால் என்னென்னவெல்லாம் எழுதிவைக்கிறார்கள்! வாரத்துக்கு ஒரு தடவை எடை. 'கைதி ஆட்டுப்பால் கேட்கிறார், மறுக்கப்பட்டது.' 'கைதியின் மூக்குக் கண்ணாடி உடைந்தது, விலை குறித்து மேல் உத்தரவு கோரப்படுகிறது.' 'பல்வலி.' 'பல்வலி தொடர்கிறது.' லாசரஸ் நின்ற வாசலுக்கு அந்தப் பக்கம் நடந்தது எல்லாம் அங்கே இருந்தது. இந்தப் பக்கம் நடந்தது எங்கே?

இரண்டாவது கட்டின் கடைசியில் தன் கையெழுத்தைப் பார்த்தார். நாற்பத்தேழில் எழுதிய மனு. அதன் பின்னால் துருப்பிடித்த குண்டூசியில் அசல் ஆர்டர். 2-11-43 என்று தேதி. அடியில் ஸ்டோர்காரன் கையெழுத்தில் ஒரு வரி: 'பெல்ட் எண் 214, பித்தளைப் பில்லையுடன், நல்ல நிலையில் திரும்பப் பெறப்பட்டது.'

அவருடைய விரல்கள் தாமாகவே குண்டூசியை உருவப் போயின. அரிகிருஷ்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எடுக்கக் கூடாது!"

"என்னுதுப்பா இது. நான் அனுப்பினது."

"அனுப்பினீங்க இல்ல? அப்பவே அது கவர்மென்டோடது ஆயிடுச்சு. காப்பிக்கு எழுதிப் போடுங்க. நானே முன்னால தள்ளி விடறேன்."

அழுவதா கத்துவதா என்று தெரியாமல் லாசரஸ் காகிதத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, எடுத்ததுதான் எடுத்தோம் என்று மூன்றாவது கட்டையும் பிரித்தார். அதை மட்டும் அவர் பிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மாசிலாமணியாரின் அறைக் கதவில் கம்பிக்கு மேல் பலகை அடித்திருந்தது. இடுப்பு உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை மட்டும். பேசினால் பக்கத்து வார்டருக்குக் கேட்டுவிடும். அதனால் பேச்சே கிடையாது. காலித் தட்டுக்கு அடியில் மடித்த காகிதம் வரும், லாசரஸ் எடுத்துக்கொள்வார். உள்ளே இருந்தவர் அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை. ஓட்டை வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கையும் பெல்ட்டில் ஒரு நம்பரும்தான்.

நவம்பருக்குப் பிறகும் அந்த ஓட்டைக்கு நேராக, வேறு ஒருத்தன் இடுப்பில், 214 வந்து நின்றிருக்கிறது. இத்தனை வருஷத்தில் இது லாசரஸுக்கு உறைக்கவே இல்லை. மாசிலாமணியார் நாலாவது கடிதத்தைக் கொடுத்தது யாரோ ஒரு புதியவனை நம்பி இல்லை. இவரை நம்பி.

மூன்றாவது கட்டில் இரண்டு குறிப்புகள் இருந்தன. ஒன்று, 1944 பிப்ரவரி விசாரணை: 'இதற்கு முன் எந்தக் கடிதமும் யார் மூலமாகவும் வெளியே அனுப்பியதில்லை என்று கைதி திட்டவட்டமாகக் கூறுகிறார்.' இரண்டாவது, அதற்கு நாலு நாள் கழித்து: 'தம் அறைக்கு 214 எண் வார்டரைக் காவல் போட வேண்டாம் என்று கைதி கேட்டுக்கொள்கிறார். காரணம் கூற மறுக்கிறார்.'

லாசரஸ் இரண்டாவதைப் பல தடவை படித்தார். காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்த பிறகும் அந்த மனுஷன் பழைய மூன்று கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இவரை மாட்டிவிடாமல் காப்பாற்றியிருக்கிறார். காப்பாற்றிவிட்டு, 'அவன் முகத்தில் விழிக்க வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். நான் இல்லைங்க ஐயா, அது வேற ஆளு என்று சொல்ல வேண்டியவர் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செத்துவிட்டார். அன்றைக்கு ரயிலில் லாசரஸ் தலையைக் குனிந்தபடியே வந்தார்.

ஆர்டர், மனு, பிப்ரவரி விசாரணைக் குறிப்பு மூன்றுக்கும் முத்திரை வைத்த நகல் வர இன்னும் பதினோரு மாதம். வந்ததும் எடுத்துக்கொண்டு தாம்பரம் போனார். துரைராஜ் ரிட்டயர் ஆகியிருந்தார், கண்ணாடி இன்னும் தடித்திருந்தது. ஆர்டரைப் படித்தார், ஸ்டோர்காரன் வரியைப் படித்தார். எழுந்து வந்து லாசரஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, பெரிய தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. செகண்ட் எடிஷன் ப்ரஸ்ல இருக்கு. இன்னைக்கே திருத்தறேன்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அடுத்த 214 யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். தெரிஞ்சாலும் எழுதாதீங்க. அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்." பிறகு லாசரஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த மூணு லெட்டர் சமாசாரம்... மனுவில எழுதிகீறேன் சார். அதயும் ஒரு வரி போட்டீங்கன்னா..."

துரைராஜ் நகல்களை மறுபடி புரட்டினார். "பார்க்கறேன்" என்றார்.

இரண்டாம் பதிப்பு 1996 டிசம்பரில் வந்தது. துரைராஜே ஆட்டோ பிடித்து பம்மலுக்கு வந்து, பொன்னாடை போர்த்தி, முதல் பிரதியைக் கொடுத்தார். தெருவே வாசலில் கூடியது. டீக்கடைக்காரன்கூட வந்திருந்தான். ஞானம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். லாசரஸ் அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்தார். திருத்தம் அடிக்குறிப்பாக இல்லை, பக்கத்தின் நடுவிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று துரைராஜே வாங்கிப் படித்தார்.

'முதல் பதிப்பில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம். திரு. லாசரஸ், பணியில் உறங்கிய காரணத்தால் 1943 நவம்பரிலேயே நீக்கப்பட்டவர். கடிதம் எதுவும் அதற்கு முன் அனுப்பப்படவில்லை என்பதை மாசிலாமணியாரின் வாக்குமூலமே உறுதி செய்கிறது. ஆகவே மாசிலாமணியாரின் கடிதங்களோடு திரு. லாசரஸுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை.'

யாரோ கை தட்டினார்கள். ஞானம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்குத்தானே பத்து வருசம் அலஞ்சே" என்றாள்.

லாசரஸ் புத்தகத்தைத் திரும்ப வாங்கி, கடைசி வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். துரைராஜ் குனிந்து, "என்ன பெரியவரே, சந்தோஷம்தானே? ஆதாரம் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுத முடியும்" என்றார்.

லாசரஸ் மெதுவாகத்தான் பேசினார். பக்கத்தில் நின்ற துரைராஜுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"மொத பொஸ்தகத்திலயாவது அவரு லெட்டர் பக்கத்தில என் பேரு இருந்துச்சு சார்."